அடுப்பில் பொறி வரவில்லையா?



சென்ற மாதம் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் பொறி வரவில்லை. என் துணைவியார் குமிழைத் திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார். தேங்கியிருந்த கேஸ் 'குப்'பென்று பிடித்துக்கொண்டது. புருவம் கருகியதோடு போயிற்று, கண் தப்பியது.

இரண்டு முறை திருகியும் பற்றாவிட்டால் உடனே மூடிவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவு, சன்னலைத் திறந்து விடுங்கள். மின்விசையைத் தொடாதீர்கள்.

பிறகு தோம்பை மூடி, அடுப்பு ஆறியதும் பாருங்கள். பர்னர் அருகே வெள்ளைப் பீங்கானுக்குள் ஒரு கம்பி இருக்கும். பால் பொங்கி நனைந்திருந்தால் துடைத்து உலர்த்துங்கள். பேட்டரி அடுப்பானால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பீங்கான் வெடித்திருந்தால் பொறி வழிமாறிப் போகும். புதிதுதான் போட வேண்டும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி வாங்கி, அதே இடைவெளியில் பொருத்துங்கள். கேஸ் குழாயை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம், தெரிந்தவரை அழையுங்கள்.

அதுவரை எரியும் குச்சியைப் பர்னர் அருகே பிடித்த பிறகே குமிழைத் திருப்புங்கள். 'குச்சி முந்தி, கேஸ் பிந்தி' என்று எங்கள் அடுப்பங்கரைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒட்டலாமே!