பல்லைப் பிடித்துப் பார்த்தீர்களா?

வீரசோழன் சந்தையில் ஆடு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? லேசில் ஏமாற மாட்டார்கள் சார். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். முதுகை அமுக்கிப் பார்ப்பார்கள். நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். 'ம்ஹும்' என்று நகர்ந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, மறுபடியும் பல்லைப் பார்ப்பார்கள். ஆட்டுக்கே அலுத்துவிடும்!

இதே மனிதர்கள், வீட்டுக்குத் தரை போட அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார்கள். ஷோரூம் கதவு திறக்கிறது. ஜிலுஜிலு ஏ.சி. கையில் ஒரு கூல்டிரிங்க்ஸ். பளபளக்கிற டைல்ஸில் தன் முகமே தெரிய, "இதையே போட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆட்டுக்கு அரை நாள். ஆயுசு முழுக்க மிதிக்கப் போகிற தரைக்குப் பத்து நிமிஷம்!

சென்னையிலோ துபாயிலோ ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஊரில் வீடு கட்டும் இளைஞர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் வீட்டுத் தரை செல்போனில் முடிவாகிறது.

"தம்பி, போட்டோ அனுப்புனேனே, பாத்தியா? ரெண்டாவதா பூப்போட்டிருக்கே, அது நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா. யாரு போடப் போறா?"

"வீடு கட்டுன கொத்தனாரே போட்டுத் தர்றேங்கறாரு."

"சரிம்மா, மீட்டிங் இருக்கு. வச்சிடறேன்."

மகன் கேட்டது சரியான கேள்வி. பதிலைக் காதில் வாங்காமல் மீட்டிங்குக்கு ஓடியதுதான் தப்பு! சுவர் கட்டுகிற கை வேறு, டைல்ஸ் ஒட்டுகிற கை வேறு. ரெண்டும் தெரிந்தவர் இருக்கலாம். பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே, முதலில் ஆளைப் பிடியுங்கள். அப்புறம் டைல்ஸைப் பிடியுங்கள். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் மோர்பி வட்டாரத்தில் சுடப்பட்டு லாரியில் வருகிறது. தரை பொக்கென்று போனால் மோர்பியிலிருந்தா ஆள் வருவார்?

ஆளை எப்படி எடை போடுவது? செல்போனில் போட்டோ காட்டுவார். போட்டோவில் எல்லாத் தரையும் அழகுதான். "மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க போட்ட வீடு எது?" என்று கேட்டு, அங்கே போங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸின் நாலு மூலையிலும் தட்டுங்கள். 'டிக் டிக்' என்றால் உள்ளே கலவை நிரம்பியிருக்கிறது. 'டொக் டொக்' என்றால் உள்ளே காற்று! அடுத்து, பாத்ரூமில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓடிப் போய் ஓட்டையில் விழுந்தால் மனிதருக்கு வாட்டம் வைக்கத் தெரிகிறது. மூலையில் தேங்கி நின்றால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இனி கடைக்குப் போகலாம். டைல்ஸைக் கவிழ்த்து முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே குடித்துவிட்டால் அது சுவருக்கு. அப்படியே நின்றால் விட்ரிஃபைடு, தரைக்கு. விட்ரிஃபைடு குடிக்கும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்குள், சுவர் டைல்ஸ் குடிப்பது 10 சதவீதத்துக்கு மேல். விலை குறைவு என்று சுவர் டைல்ஸைத் தரையில் போட்டால், அம்மிக்கல் விழ வேண்டாம், அண்டா விழுந்தாலே போதும்!

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸ் பெட்டிக்கு 4 என்றால், ஒரு பெட்டி சுமார் 15.5 சதுரடி. பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுரடி. வெட்டுக் கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132. ஆக 9 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் ஒன்றுதானா என்று பாருங்கள். பத்தாமல் மறுபடி வாங்கப் போனால் அதே நிறம் கிடைக்காது. அறை நடுவில் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும்.

பாத்ரூமுக்கு மட்டும் பளபளப்பு வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான மேட் டைல்ஸ் போதும். பூ நல்லாருக்கா என்று கேட்ட அம்மாதான் விடியற்காலையில் ஈரக் காலோடு அங்கே நடக்கப் போகிறார். அந்த வயசில் இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன் செலவு இருக்கட்டும், பழையபடி எழுந்து நடப்பது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? நம் பக்கத்தில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. கருப்பு டைல்ஸில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் இடுக்கில் உள்ள சிமென்ட்டும் சேர்ந்து கரையும்.

வேலை ஆரம்பித்ததும் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். தரைக்கு அடியில் அதைக் கொட்டி நிரப்பினால் எந்த டைல்ஸும் விரிசல் விடும். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போடச் சொல்லுங்கள். ரெண்டு, விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காததால் வெறும் சிமென்ட்டுப் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள பசை வேண்டும். நாலு மூலைக்கு நாலு உருண்டை வைக்காமல் முழுக்கத் தடவ வேண்டும். மூன்று, டைல்ஸுக்கு நடுவே இடைவெளி. நெருக்கி ஒட்டினால் வெயிலில் விரிய இடமில்லாமல் ஒருநாள் 'டமார்' என்று கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும்.

கடைசியாகக் கூலி. நாள் முழுக்க முட்டி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை சார் அது. டைல்ஸ் அறுக்கும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைத் தின்றுவிடும். தண்ணீர் விட்டு அறுக்க ஒரு வாளியும், மூக்குக்கு ஒரு மாஸ்க்கும் நீங்களே கொடுங்கள். தட்டிப் பார்த்த பிறகு தர என்று ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள், தப்பில்லை. ஆனால் பேசின கூலியைக் குறைக்காதீர்கள்.

சதுரடிக்கு ரெண்டு ரூபாய் அடித்துப் பேசினால், அந்த ரெண்டு ரூபாயை அவர் டைல்ஸுக்கு அடியில்தான் மிச்சம் பிடிப்பார். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

காதுக்குத் தெரியும். டொக்!