போர்ட்டிக்சன் கலங்கலில்...

சிலியாவ், ரந்தாவ் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். கட்டுச்சோறும் கையுமாகப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் குளித்துவிட்டுத் திரும்பிய கடல். அதன் அடியில் பவளப்பாறை இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. தஞ்சோங் துவானை ஒட்டிய புளூ லகூனில் இருக்கிறது. (அந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். அது தனிக் கதை.)

படமெடுப்பதுதான் பாடு. மலாக்கா நீரிணையின் தண்ணீர் கலங்கல். கையடக்கக் கேமராவில் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பாறைக்கு முன்னால் மிதக்கும் மண்துகள்தான் முதலில் பளிச்சிடும். மழை இரவில் காரின் பெரிய விளக்கைப் போட்ட மாதிரி. பிளாஷை அணைத்தாலோ எல்லாம் பச்சை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான்.

அதற்குத்தான் வெளிப் பிளாஷ். கேமராவின் நீர்புகா உறையில் ஒரு தண்டு மாட்டி, விளக்கை ஓரடி பக்கவாட்டில் தள்ளி, சற்றே வெளிப்புறம் திருப்பி வையுங்கள். கேமரா பிளாஷின் ஒளி கண்ணாடி இழை வழியே போய் அதை மின்னவைக்கும். விலை கொஞ்சம் கடிக்கும். காசில்லாத வழியும் உண்டு: ஓரடிக்குள் நெருங்குங்கள், நடுவில் கலங்கலே குறைவு. காலும் துடுப்பும் மட்டும் பவளத்தில் படக்கூடாது.

தண்ணீர் வற்றும் நேரத்தில் கல்லென்று நினைத்து அதன்மேல் பிள்ளைகள் செருப்போடு நடக்கிறார்கள். எடுத்த படத்தைக் கரையிலேயே காட்டுகிறேன். “இது உயிருள்ளதாங்க?” என்று கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறார்கள்.