திருகுக்கு ஒரு வழித்துணை

வளரிளம் பருவத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. 'ஸ்கோலியோசிஸ்' என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. தலை பின்னிவிடும்போது மகளின் ஒரு தோள் உயர்ந்திருப்பதை அம்மா கவனித்த பிறகே வீட்டுக்கு விஷயம் தெரியவருகிறது. கடுமையாக வளைவது பெண் பிள்ளைகளுக்கே அதிகம். வளைவு 50 டிகிரியை நெருங்கினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வந்துவிடும்.

முள்ளெலும்புகளில் திருகுகளை இறக்கி, கம்பிகளால் பிணைத்து முதுகை நிமிர்த்துகிறார்கள். திருகு இறங்கும் எலும்புப் பாலத்துக்குப் பெடிக்கிள் என்று பெயர். மார்புப் பகுதியில் அதன் அகலமே சில மில்லிமீட்டர்தான். கோணிய முதுகில் எலும்பு முறுக்கிக்கொண்டும் நிற்கும். வளைவின் உட்பக்கத்தில் பெடிக்கிள் இன்னும் ஒடுங்கியிருக்க, தண்டுவடமும் அந்தப் பக்கமே ஒதுங்கிக் கிடக்கும். முன்புறம் பெருந்தமனி.

இதில் கைப்பழக்கத்தை மட்டும் நம்புவது எவ்வளவு சரி? கோவை கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. கணினி வழிகாட்டல் இல்லாமல் இறக்கிய திருகுகளில் 23 சதவீதம் எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன. வழிகாட்டலுடன் இறக்கியவற்றில் அது 2 சதவீதம். சுவர் தாண்டிய திருகெல்லாம் ஊறு செய்வதில்லை. ஆனாலும் ஒரு குழந்தையின் தண்டுவடத்துக்கு அருகில் அந்த வித்தியாசம் மிகப் பெரியது.

கணினி வழிகாட்டல் கருவியை எல்லா மருத்துவமனைகளாலும் வாங்க முடியாது. முப்பரிமாண அச்சு இங்கேதான் கைகொடுக்கிறது. சி.டி. ஸ்கேனிலிருந்து அந்தப் பிள்ளையின் முதுகெலும்பையே அசல் அளவில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுவிடலாம். கத்தியை எடுப்பதற்கு முந்தைய நாளே மருத்துவர் அதைக் கையில் புரட்டிப் பார்த்து, எந்தத் திருகு, எந்தக் கோணம் என்று முடிவு செய்யலாம். எக்ஸ்-ரேயில் புரியாத பெற்றோருக்கும் விளங்கும்.

அடுத்த படி, வழிகாட்டி அச்சு. எலும்பின் மேல் கச்சிதமாக உட்காரும் சிறு துண்டு அது. அதிலுள்ள குழாய் வழியே துளையிட்டால் கோணம் தப்பாது. மல்லாக்கப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்து, குப்புறக் கிடத்தி அறுவை சிகிச்சை செய்யும்போது முதுகின் வளைவு மாறியிருக்கும். தனியொரு எலும்பின் வடிவம் மாறாது. அதனால்தான் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனி அச்சு செய்கிறார்கள்.

2014-ல் பெய்ஜிங்கில் 12 வயதுச் சிறுவனின் புற்றுநோய் தாக்கிய கழுத்தெலும்பை அகற்றி, அச்சிட்ட டைட்டானியம் எலும்பைப் பொருத்தினார்கள். உலகம் வியந்தது, வியக்கத் தக்கதுதான். ஆனால், பல பிள்ளைகளுக்குப் பயன்படப்போவது இந்தச் சாதாரணப் பிளாஸ்டிக் துண்டே.

குறைகளும் உண்டு. எலும்பை ஒட்டிய தசையைச் சுத்தமாக விலக்காவிட்டால் அச்சு சரியாக உட்காராது, கோணம் பிசகும். மாதிரியில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. சிகிச்சையின்போது நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணிப்பதை விட்டுவிட முடியாது. வளரும் உடலுக்கு சி.டி. கதிர்வீச்சும் சுமைதான். ஆகவே, சிக்கலான வளைவுகளுக்கே இது வேண்டும்.

அப்படிப்பட்ட வளைவோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும். கல்லூரிக்கு ஓர் அச்சு இயந்திரம், ஸ்கேனை மாதிரியாக மாற்றத் தெரிந்த ஒரு தொழில்நுட்பர், காப்பீட்டுத் திட்டத்தில் அச்சுக்கென ஒரு தொகை: இந்த மூன்றையும் அரசு செய்து தர வேண்டும்.