அடியா? கொரோனாவா?

மோட்டார் சைக்கிளில் போனவர் மீது லாரி மோதுகிறது. நெஞ்சில் பலத்த அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். மூச்சு முட்டுகிறது. "ஸ்கேன்" எடுக்கிறார்கள். நுரையீரலில் அங்கங்கே புகை படிந்தது போலத் தெரிகிறது.

அது அடியால் வந்ததா? கொரோனாவா?

2020-ம் ஆண்டில் பல நாட்டு டாக்டர்களைக் குழப்பிய கேள்வி இது.

நுரையீரல் முழுவதும் சின்னஞ்சிறு காற்றுப் பைகள். அடிபட்டால் அவற்றில் ரத்தம் கசியும். வைரஸ் தாக்கினால் நீர் கோர்க்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்பதுதான் படத்துக்குத் தெரியும். அது என்ன என்று படம் சொல்லாது.

சீனாவில் ஹூபே மாகாணத்தில், 2020 பிப்ரவரியில், பரிசோதனை முடிவு இல்லாமலே நுரையீரல் படத்தையும் நோய்க்குறிகளையும் வைத்து ஒரே நாளில் 13,332 பேரை நோயாளிகள் கணக்கில் சேர்த்தார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதை விட்டுவிடலாம். ஆனால், விபத்தில் சிக்கியவருக்கு அந்த வழி ஆகாது. "கொரோனா" என்று தனி வார்டில் ஒதுக்கினால் ஆபரேஷன் தள்ளிப் போகும். "வெறும் அடி" என்று பொது வார்டில் போட்டு, அது கொரோனாவாக இருந்துவிட்டால்? பக்கத்துக் கட்டிலுக்கும் பரவும்.

துப்பு உண்டா?

உண்டு. அடியின் கறை பெரும்பாலும் அடிபட்ட பக்கத்தில், முறிந்த விலா எலும்பை ஒட்டி இருக்கும். சில மணி நேரத்தில் தோன்றும். ஓரிரு நாள் கூடும். பிறகு, வேறு சிக்கல் இல்லாவிட்டால், ஒரு வார அளவில் மறையும். கொரோனா பெரும்பாலும் இரு பக்கமும் ஓரங்களில் படரும். அது மறைய அதிக நாள் ஆகும்.

இதை மட்டும் நம்பவும் முடியாது. குழந்தைகளின் விலா எலும்பு வளையும். அது முறியாமலே உள்ளே காயம் பட்டிருக்கும். பெரியவர்களுக்குத் தொடை எலும்பு முறிந்தால், அதிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைப்பதும் உண்டு. அதுவும் படத்தில் புகைதான்!

ஆகவே, மூக்கில் சளி எடுத்துச் சோதிக்கத்தான் வேண்டும். அதற்காக உயிர் காக்கும் ஆபரேஷனை நிறுத்தி வைப்பது சரியல்ல. டாக்டர்கள் முகக் கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து அதைச் செய்ய முடியும்.

வீட்டாருக்கும் இதில் வேலை இருக்கிறது. பதற்றத்தில் லாரி மோதியதை மட்டுமே சொல்வார்கள். நான்கு நாளாக ஜுரம், இருமல் என்றால் அதையும் சொல்ல வேண்டும். "ஒதுக்கி வைத்துவிடுவார்களோ" என்று மறைக்கக் கூடாது. ஜுர மயக்கத்தோடு வண்டி ஓட்டியே அவர் விழுந்திருக்கலாம். அப்படியானால் அந்த நுரையீரலில் அடியும் இருக்கும், கொரோனாவும் இருக்கும்.