வீட்டிற்கு அனுப்பிவிட்டால் முடிந்துவிடுமா?

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, உரிய நேரத்தில் கொண்டுவரப்பட்டுப் பிழைத்த கல்லூரி மாணவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், பெற்றோரின் கையில் இரண்டு தாள்கள் இருப்பதை அடிக்கடி காண்கிறோம். ஒன்று நாங்கள் தரும் டிஸ்சார்ஜ் சுருக்கம். மற்றொன்று கல்லூரியின் கடிதம். ‘மாணவரை வீட்டிற்கு அழைத்துச் செல்லவும், மனநலம் சீராக உள்ளது என்னும் மருத்துவச் சான்றிதழுடன் வந்தால் மட்டுமே விடுதியில் அனுமதிக்கப்படுவார்’ என்பது அக்கடிதத்தின் சாரம். இரண்டு தாள்களும் சொல்லாமல் சொல்வது ஒன்றே: எங்கள் பொறுப்பு முடிந்தது; இனி வீட்டார் பாடு. அந்தப் பொறுப்பு அன்றைக்கு முடிவதில்லை என்பதே எங்கள் கருத்து.

நாங்கள் கண்ட பலரின் நிலையை ஒருவருடையதாகச் சேர்த்துச் சொல்கிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால்வைத்த இரண்டாம் ஆண்டு மாணவர் அவர். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு இங்கே நான்கு அரியர். அதை வீட்டில் சொல்லவில்லை. உறக்கம் கெட்டது, உணவு விடுதிக்குச் செல்வது குறைந்தது, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தார். அறை நண்பர்கள் கவனித்தார்கள். யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வார்டனிடம் சொன்னால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். மருத்துவமனையில் அவர் தேறிய பின், தந்தை எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போய் நாலு மாசம் வெச்சிக்கிட்டா சரியாயிடும்தானே, டாக்டர்?”

அந்தக் கேள்வியில் அன்பு இருந்தது. எனினும் எங்களால் ‘ஆம்’ என்று சொல்ல இயலவில்லை. உடல் தேறுவதும் மனம் தேறுவதும் ஒரே நாளில் நிகழ்வன அல்ல. மருத்துவமனையை விட்டுச் சென்ற முதல் சில வாரங்களே மறுபடியும் ஆபத்து நேரக்கூடிய காலம் என்பதை மனநல மருத்துவம் நன்கறியும். அரியர் அப்படியே இருக்கிறது. கட்டணக் கடன் அப்படியே இருக்கிறது. அவற்றோடு ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்னும் உறவினரின் கேள்வியும், வகுப்பைத் தவறவிட்ட கவலையும், நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்னும் கூச்சமும் புதிதாகச் சேர்கின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன்தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். இளையோர்க்கு அவற்றைத் தொடங்கிய முதல் வாரங்களில் நெருங்கிய கண்காணிப்பும் தேவை. இந்த வாரங்களில்தான் கல்லூரியும் மருத்துவமனையும் ஒருசேர விலகிக்கொள்கின்றன.

விலகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 இடங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று அவசரப் பிரிவிற்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினரிடம் அத்துடன், வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதன்பின் 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அந்த 18 மாதங்களில் முதற்பிரிவில் ஆயிரத்துக்கு 22 பேர் என்னும் அளவில் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் அது ஆயிரத்துக்கு 2 பேர். விலையுயர்ந்த மருந்தோ கருவியோ அங்கே கூடுதலாக இல்லை. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று ஒருவர் தொடர்ந்து கேட்டார், அவ்வளவே.

கல்லூரி நிருவாகத்தின் அச்சத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். விடுதியில் மறுபடியும் ஏதேனும் நேர்ந்தால் பழி தங்கள்மீது விழும் என்று எண்ணுகிறார்கள். வார்டன் மருத்துவப் பயிற்சி பெற்றவர் அல்லர். இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்கும் சுமையை அறை நண்பர்கள்மீது ஏற்றுவதும் நியாயமன்று. சில மாணவர்க்குச் சில காலம் வீட்டில் இருப்பதே நல்லது என்பதும் உண்மை. ஆனால் அம்முடிவை மாணவரையும் கேட்டு எடுக்க வேண்டும். திரும்பி வரும் நாளை முன்னதாகவே குறித்துத் தர வேண்டும். இடைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் அவரோடு பேச, கல்லூரியில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். இவை இல்லாமல் அனுப்பினால், அம்மாணவர் அதனை வெளியேற்றம் என்றே புரிந்துகொள்கிறார்.

எஞ்சியிருக்கும் மாணவர்களும் அதிலிருந்து ஒரு பாடம் கற்கிறார்கள்: ‘மனத்தில் உள்ளதைச் சொன்னால் விடுதி போகும், ஆகவே சொல்லாதே.’ இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இந்நிலையில், வாயை மூடவைக்கும் எந்த விதியும் பாதுகாப்பு ஆகாது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அந்த ஆலோசகரின் அறை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் கிளை ஆகிவிடக்கூடாது என்பது எங்கள் வேண்டுகோள். வருகைப்பதிவு குறைந்ததற்குத் தண்டனையாக அனுப்பப்படும் இடத்தில் எவரும் மனம் திறப்பதில்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. “உள்ளே என்ன சொன்னான்?” என்று எங்களைக் கேட்கிறீர்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் சொன்னதை அவர் இசைவின்றிப் பிறரிடம் கூறக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எங்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்று கண்டால், அதைத் தடுக்கத் தேவையானதை உங்களிடம் உறுதியாகச் சொல்வோம். மற்றவற்றை அவரே உங்களிடம் சொல்லும் நாள் வரும். அந்த நம்பிக்கையில்தான் அவர் அடுத்த முறை எங்களிடம் வருகிறார்.

சட்டத்துக்கு அஞ்சி நடந்ததை மறைக்கவும் வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. அம்முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது நடைமுறையே. உங்கள் பிள்ளையைத் தண்டிப்பது அதன் நோக்கமன்று. ‘உணவு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிச் சேர்த்தால், தேவையான சிகிச்சைதான் தாமதமாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும், வீட்டுப் பெரியோரின் மாத்திரைகளும் பூட்டினுள் இருக்கட்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும். முதல் வாரங்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அதே வேளை, காவலாளியைப் போலப் பின்தொடரவும் வேண்டாம். சமைக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறார் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் கடினமானது, கேட்பது. ‘அந்த எண்ணம் இப்போதும் வருகிறதா?’ என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறீர்கள். அவ்வாறு நிகழ்வதில்லை. நேராகவும் கனிவாகவும் கேட்கப்படும்போது, தனியே சுமந்ததை இறக்கிவைக்க இடம் கிடைத்ததாகவே பெரும்பாலோர் உணர்கிறார்கள். ‘வருகிறது’ என்று விடை வந்தால் பதற வேண்டாம்; அழுது சத்தியம் வாங்கவும் வேண்டாம். அருகில் இருங்கள், எங்களை அழையுங்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவிற்கு வரலாம்.

எங்கள் பங்கிற்கு நாங்களும் திருந்த வேண்டியிருக்கிறது. ‘மனநலம் சீர்’ என்று ஒற்றை வரியில் சான்றிதழ் எழுதிக்கொடுத்து அனுப்பிய நாள்கள் உண்டு; அதனால் யாருக்கும் பயனில்லை. இனி அந்த ஒற்றை வரிக்கு மாற்றாக, மாணவரின் இசைவோடு, அவருக்கு என்ன உதவி தேவை, எந்த நாளில் மீண்டும் மருத்துவரைச் சந்திக்க வேண்டும், எந்தத் தேர்வுக்குக் கால நீட்டிப்பு வேண்டும் என்பவற்றைக் கல்லூரிக்கு எழுதவிருக்கிறோம். டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாள்களுக்குள் அடுத்த சந்திப்பு அமையும். அன்று வராதவரை நாங்களே தொலைபேசியில் அழைப்போம். அந்த அழைப்பு வந்தால் ‘எல்லாம் நலம்’ என்று தந்தையே விடைகூறி வைத்துவிடாமல், தயவுசெய்து பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுங்கள்.

இவ்விதழை வாசிக்கும் மாணவர்களும் இருப்பீர்கள். மருத்துவமனை வரை வரத் தயக்கமாக இருந்தால், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. அரியர் பற்றி வீட்டில் சொல்ல வழி தெரியவில்லையா? அதை எப்படிச் சொல்வது என்று கேட்பதற்காக மட்டுமேகூட எங்களிடம் வரலாம். அந்தச் செய்தியை உங்களோடு உட்கார்ந்து பெற்றோரிடம் சொல்ல உதவுவதும் எங்கள் பணிதான்.