மூங்கிலும் ஒரு சரக்குதான்

கிடங்குக்கு முன்னால் ஒரு கொட்டகை போட வேண்டுமென்றால், நம்மவர்கள் உடனே இரும்புக் குழாய்க்கும் தகரத்துக்கும் விலை கேட்கிறார்கள். மூங்கில் என்றால் முகம் சுளிக்கிறார்கள். "இரண்டு வருஷத்தில் உளுத்துவிடும்" என்பதே பதில். உளுப்பது உண்மைதான். ஆனால் குற்றம் மூங்கிலுடையதா, நாம் அதை வாங்கும் முறையுடையதா?

துவரம்பருப்பு வாங்கும்போது நாம் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். ஈரம் உண்டா, வண்டு உண்டா, பழைய சரக்கா என்று தெரிந்த பிறகே விலை பேசுகிறோம். மூங்கிலை மட்டும் நீளத்தையும் பருமனையும் பார்த்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம். மூங்கிலுக்குள்ளும் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தேடித்தான் வண்டு வந்து துளைக்கிறது. 3 ஆண்டாவது முற்றிய கழியை வெட்டி, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினால் வண்டுத் தொல்லை பெரிதும் குறையும். வெண்காரம் நமக்குப் புதிய சரக்கல்ல. ஆனால் இந்த மருந்து மழையில் கரைந்துபோகும். ஆகவே கழியை மண்ணில் நடாமல் கான்கிரீட் பீடத்தின் மேல் நிறுத்த வேண்டும். சாரல் படாதபடி கூரையை வெளியே நீட்ட வேண்டும்.

கொலம்பியா நாட்டுக் கட்டடக் கலைஞர் சிமோன் வேலஸ், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த 2000-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்குப் பெரியதொரு மூங்கில் மண்டபம் கட்டினார். ஜெர்மன் அதிகாரிகள் பேச்சை நம்பி அனுமதி தரவில்லை. அதே அளவில் ஒரு மண்டபத்தை முதலில் கொலம்பியாவின் மனிசாலஸ் நகரில் கட்டி, பாரம் ஏற்றிச் சோதித்துக் காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. இணைப்புகளில் அவர் ஆணியை நம்பவில்லை. கணுக்களுக்கு இடைப்பட்ட உட்குழிவில் சிமெண்ட் கலவையை நிரப்பி, போல்ட் கொண்டு முடுக்குவது அவர் முறை. ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும் என்பது நம் ஊர்த் தச்சருக்கும் தெரிந்ததே.

நம் நாட்டிலும் வழி அடைபட்டில்லை. மூங்கிலைக் கொண்டு கட்டமைப்பு வடிவமைக்க ஐ.எஸ். 15912 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கில் 2017-இல் வனச் சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மூங்கில் தீப்பற்றும். எண்ணெய், தீப்பெட்டி, சாக்குக் கட்டுகள் அடுக்கும் இடத்துக்கு அது ஆகாது. சரக்கு இறக்கும் முகப்பு, வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு, பொறியாளரின் வரைபடத்தோடும் உரிய அனுமதியோடும் தாராளமாகப் போடலாம். அதன் கீழே நிற்கப்போவது நம் வாடிக்கையாளரும் சுமைதூக்கும் தொழிலாளரும் என்பதை மறக்க வேண்டாம்.

மூங்கில் மண்டி நடத்தும் அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இது: கழியின் வயது, மருந்தூட்டிய விவரம் இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்குங்கள். தரம் பிரித்து விற்காத சரக்குக்கு மதிப்பு ஏறியதாக நம் வியாபாரத்தில் வழக்கமே இல்லை. சங்கம் இதைப் பொதுக்குழுவில் வைத்து ஆவன செய்ய வேண்டும்.