மறுபடியும் கேட் எழுதலாமா?

ஐ.ஐ.எம். நிறுவனங்களின் நுழைவுத் தேர்வான கேட் முடிவு வந்ததும், நினைத்தது கிடைக்காத வீடுகளில் ஒரே பேச்சுதான்: இன்னொரு வருடம் எழுதுவதா, கிடைத்த கல்லூரியில் சேர்வதா? "கொஞ்சத்தில் போய்விட்டது, அடுத்த தடவை வந்துவிடும்" என்று உறவினர்கள் தேற்றுவார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் எது கொஞ்சத்தில் போனது, அது ஒரு வருடத்தில் மாறக்கூடியதா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் பெர்சன்டைல். 97 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 97 மதிப்பெண் அல்ல. எழுதியவர்களில் 97 சதவீதம் பேரைத் தாண்டியிருக்கிறார் என்று பொருள். 2024 தேர்வை எழுதியவர்கள் ஏறக்குறைய 2.93 லட்சம் பேர். ஆகவே 97 எடுத்தவருக்கு முன்னால் எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 99 எடுத்தவருக்கு முன்னால் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் மட்டும் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் நிற்கிறார்கள். மதிப்பெண் கணக்கோ வேறு மாதிரி. நடுப்பகுதியில் கூட்டம் நெருக்கம் என்பதால் சில கேள்விகள் கூடுதலாகச் சரியானாலே பெர்சன்டைல் மளமளவென்று ஏறும். மேலே போகப் போக ஆட்கள் குறைவு, இடைவெளி அதிகம். 98இலிருந்து 99.5 ஆவதற்குத் தேவைப்படும் மதிப்பெண், 80இலிருந்து 85 ஆவதற்குத் தேவையானதைவிடக் கூடுதல். 85 எடுத்தவரும் 98 எடுத்தவரும் ஒரே மாதிரி "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொள்வது சரியல்ல.

2023இல் 99 பெர்சன்டைலுக்கு மொத்த மதிப்பெண்ணில் பாதிகூடத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் படித்து முடிக்கிறவருக்கான தேர்வு இல்லை இது. எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரிந்தவருக்கான தேர்வு. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். கொள்குறி வினாவில் தவறினால் ஒன்று போகும். விடைத்தாளில் தவறுகள் மண்டிக்கிடந்தவருக்கு அடுத்த வருடம் முன்னேற நிச்சயமாக இடமிருக்கிறது. அளவாகத் தொட்டு, தொட்டதையெல்லாம் சரியாகவும் எழுதியவர்தான் இருமுறை யோசிக்க வேண்டும்.

பிரிவுவாரியாகவும் பார்க்க வேண்டும். 2020 முதல் ஆங்கிலம், தரவு-தர்க்கம், கணிதம் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கட் ஆஃப் உண்டு. தரவு-தர்க்கத்தில் தவறான கேள்வித் தொகுப்பைப் பிடித்துக்கொண்டு நேரத்தைத் தொலைத்தவர், நாலைந்து மாத மாக் டெஸ்டுகளில் அதைச் சரிசெய்துவிடலாம். ஆங்கில வாசிப்பு அப்படியல்ல. பொறியியல் படித்த பலர் கணிதத்தில் உயரப் பறந்து இங்கே இடறுகிறார்கள். கனமான கட்டுரைகளைத் தினமும் வாசிக்கும் பழக்கம் ஜனவரியிலேயே தொடங்கினால்தான் நவம்பரில் பலன் தெரியும். ஜூலையில் கோச்சிங்கில் சேர்ந்து இதை ஈடுகட்ட முடியாது.

இன்னொரு வகையினர் 99க்கு மேல் எடுத்தும் அகமதாபாத்திலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ நேர்காணல் அழைப்பு வராதவர்கள். அந்த நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் எடைபோடுகின்றன. அவை இனி மாறாது. மாறக்கூடியவை கேட் மதிப்பெண்ணும் பணி அனுபவமும் மட்டுமே. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் எதற்கு எத்தனை விழுக்காடு என்று தன் சேர்க்கைக் கொள்கையில் வெளியிடுகிறது. அதை எடுத்துவைத்து, தன் எண்களைப் போட்டு, அரைப் புள்ளி ஏறினால் அழைப்பு வருமா என்று கணக்குப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

அழைப்பு வந்து நேர்காணலில் கோட்டைவிட்டவருக்கும் மறுதேர்வு தேவைதான், ஏனென்றால் கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஆனால் அவர் உழைக்க வேண்டியது கணிதத்தில் அல்ல. தன் வேலையையும் படிப்பையும் பற்றித் தெளிவாகப் பேசுவதில்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இங்கே வாங்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் ஐ.ஐ.எம்.மில் செல்லாது. சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, பெர்சன்டைல் போதவில்லை என்று வருந்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு முயற்சி முழுக்க நியாயமானது. சான்றிதழை விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

வேலையில் இருப்பவர் இதற்காக ராஜினாமா செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தினம் இரண்டு மணி நேரமும் வார இறுதியில் ஒரு மாக் டெஸ்டும் போதும். சம்பளத்தோடு அனுபவமும் சேர்கிறது.

கையில் ஒரு இடம் இருக்கிறவர், அடுத்த வருடமும் இதே மதிப்பெண் வந்தால் இதே கல்லூரியில் சேர்வேனா என்று கேட்டுப் பார்க்கலாம். சேர்வேன் என்றால் இப்போதே சேர்வது நல்லது. மாட்டேன் என்றால், அந்தக் கல்லூரியின் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காமல் இடைநிலைச் சம்பளத்தைக் கட்டணத்துக்கு எதிரே வைத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிடலாம். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் திறக்கிறது. ஜூலைக்குள் சில முழு மாக் டெஸ்டுகள் எழுதி, சென்ற முறை காலை வாரிய பிரிவில் என்ன நகர்ந்திருக்கிறது என்று பார்க்க அதுவரை அவகாசம் இருக்கிறது.